அண்டாவில் எங்கே மீன்

பர்மாவின் மோல்மேன் ஊரில் டோ ஓன் சீ என்பவளுக்கு இரண்டு பிழைப்பு. காலையில் மொய்ங்கா விற்பாள். அரிசி நூடுல்ஸ் மேல் வாழைத்தண்டு மிதக்கும் மீன் குழம்பை ஊற்றிக் கொடுப்பாள். தண்ணீர்த் திருவிழா வந்தால் பேட்டை வசைப்பாட்டுக் குழுவுக்குத் தலைவி. அவள் ஒரு வரி சொல்ல, குழு திருப்பிச் சொல்ல, மத்தளம் அதிரும். அடகுக்கடைக்காரரின் தராசு, டாக்டரின் ஊசி என்று யாரையும் விட்டதில்லை. முகம் சுளித்தவர்களிடம், "உண்மை கசக்கத்தான் செய்யும், தண்ணி குடிங்க" என்பாள்.

இந்த வருஷம் ஒத்திகையில், குழுவுக்குப் பாட்டெழுதும் முடிதிருத்துகிற சான் ட்வே புதிதாக ஒன்று நீட்டினான்.

ஊரு ஓட்டையை எண்ணுற தேனே,
உன் அண்டாவில எங்கே மீனே?
சின்ன மீனு சிரிக்குது தானே.

"யாரைடா சொல்றே?"

"உங்களைத்தான் அக்கா. திருவிழாவுல கோவிச்சுக்கிட்டா பாவம்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"அது மத்தவங்களுக்குடா."

எதைப் பாடுவது என்பது தலைவியின் முடிவு. கிழித்துப் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பாட்டு நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். இதை விட்டால் போன வருஷம் போலப் பாட்டுப் போட்டிக் கோப்பை எதிர்க்குழுவான குன்றுப் பேட்டைக்குப் போய்விடும். பாடினால் கடைக்கு ஈ கூட வராது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மூன்றாவது வரி உறுத்தியது. நொண்டி வரி. ஏன் நொண்டுகிறது என்று ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அது பொய். அண்டாவில் சின்ன மீனும் இல்லை. மீன் விலை ஏறியதிலிருந்து கடலை மாவும் மீன் விழுதும்தான். மீதியை, மீன் போட்டிருக்கேன் என்று சொல்லி அவள் வாய் பார்த்துக்கொண்டது.

மீன் இல்லாத குழம்பை ஊற்றக் கூசாத கைதான். ஆனால் நொண்டி வரியைச் சொல்ல அந்த வாய் கூசியது.

திருவிழா மேடையில் முதலிரண்டு வரிகளைச் சொல்லிவிட்டு, மூன்றாவதைத் தன் இஷ்டத்துக்கு மாற்றினாள்:

"மீனே போடலே, கலக்குனது நானே!"

மத்தளக்காரனின் கை அந்தரத்தில் நின்றது. திருப்பிச் சொல்ல வேண்டிய குழு வாயைப் பிளந்தது. பிறகு கூட்டம் சிரித்த சிரிப்பில் கோப்பை தானாக வந்து சேர்ந்தது.

திருவிழா முடிந்த மறுநாள் கடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லோரும் கரண்டியால் கிண்ணத்தைத் துழாவினார்கள்.

"அட, மீனு," என்றார் அடகுக்கடைக்காரர்.

"விலையும் ஏறியிருக்கு. பேசாம சாப்பிடுங்க."

"அந்தக் கடைசி வரி இருக்கே, அடடா. சான் ட்வே பெரிய ஆளுதான்."

டோ ஓன் சீயின் அகப்பை நின்றது. ஊர் முன்னால் மானம் போனபோதுகூட அவள் முகம் இப்படிக் கறுக்கவில்லை.

"அது என் வரி. நான் போட்டது."

"சரிதான் அக்கா," என்றார் அவர், முள்ளை எடுத்து ஓரமாக வைத்தபடி. "மீனையும் போட்டேன்னுதான் இத்தனை நாளா சொன்னீங்க."