கோகிலாக்கா பார்க்காத கடிதம்

பேக்கிங் பிரிவில் பார்கோடு ரீடர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் ருக்மணி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சித்ரா, நம்ம கோகிலா போயிட்டாங்களாமா. காத்தால சமையல் ரூம்ல மயங்கி விழுந்தவங்க, எந்திரிக்கவே இல்லையாமா. தலைக்குள்ள ரத்தக் கசிவுன்னு டாக்டர் சொன்னாராமா."

கோகிலவாணிக்கு நாற்பத்து நான்கு வயது. அவரை அறிந்த பெண்கள் அங்கங்கே அட்டைப்பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். நான் ரீடரின் வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். அது வேலை செய்தது. எல்லோரும் அழுதபோது எனக்கு மட்டும் அழுகை வரவில்லை.

மறுவாரம் எங்கள் கேன்டீனில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு இதைப் படிக்கும் உங்களில் சிலரும் வந்திருப்பீர்கள். "நல்ல சம்பளம் கிடைத்ததால் கோகிலா கோயம்புத்தூர் போனார், அவருடைய வளர்ச்சியில் எங்களுக்கும் பெருமை" என்று மேனேஜர் பேசினார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நடந்தது முழுவதும் தெரிந்த இருவரில் ஒருவர் இப்போது இல்லை. மற்றவள் நான்.

அருள்புரத்தில் எங்கள் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நாங்கள் இருவரும் டேட்டா என்ட்ரி வேலைக்குத்தான் சேர்ந்தோம். அவர் இந்த ஊர்க்காரர். நான் கல்யாணமாகி சாத்தூர்ப் பக்கமிருந்து வந்தவள், அவரைவிட மூன்று வயது இளையவள். கட்டிங், பேக்கிங், லேபிள் என்று கம்பெனியின் எல்லாக் கணக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு சர்வரில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், வேறு ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் ஒப்படைத்தார்கள். ஆளே கிடைக்கவில்லை. கோகிலாக்கா தானாகவே படித்தார். லினக்ஸில் ஒவ்வொரு கட்டளைக்கும் உள்ளேயே ஒரு விளக்கப் பக்கம் உண்டு. பழனி முருகனுக்கு அடுத்தபடியாக அவர் நம்பியது அந்தப் பக்கங்களைத்தான். அவர் கற்றுக்கொண்டதைக் கேட்டு நான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாண்டு கழித்து மேனேஜர் எங்களை அழைத்தார். சர்வருக்கு ஒருவர்தான் பொறுப்பாளர், முறையான சான்றிதழ் வைத்திருப்பவர்தான் அந்த இடத்தில் இருக்க முடியும், மற்றவர் பில்லிங்குக்குப் போக வேண்டும் என்றார். என்ன சான்றிதழ் என்று அவருக்கும் அன்று தெரியாது.

அடுத்த சில நாள் மதிய இடைவேளையெல்லாம் அந்தப் பேச்சுதான். லினக்ஸைப் பல கம்பெனிகள் தத்தம் வடிவில் தருவதால் சான்றிதழுக்கு இரண்டு வகைத் தேர்வுகள் இருந்தன. ஒன்று எந்தக் கம்பெனியின் லினக்ஸையும் சாராதது. நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுத்தால் போதும். மற்றது ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் லினக்ஸுக்கானது. அதில் கேள்வித்தாளே கிடையாது. ஒரு மிஷினை முன்னால் வைத்துவிடுவார்கள். உள்ளே போகப் பாஸ்வேர்டு தெரியாது. திறந்து, சொன்ன வேலைகளையெல்லாம் செய்து முடிக்க வேண்டும். கடைசியில் மிஷினை அணைத்துப் போடுவார்கள். மறுபடி எழும்போது நாம் செய்தது நிற்கவில்லையென்றால் மதிப்பெண் இல்லை. கோகிலாக்கா இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு முதலாவதைச் சொன்னார்.

"எனக்கு மட்டும் ஏன்க்கா லேசானது?" என்றேன்.

"லேசுன்னு ஆரு சொன்னா? உனக்கு அடிப்படை இன்னும் உக்காரல. மொதல்ல அதப் படி, அப்பறம் இதுக்கு வா. எனக்குக் கைய வச்சுப் பாக்கோணும். அணைச்சுப் போட்டாலும் நிக்கோணும். அதுதான் வேலை."

அவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போயிருந்த வாரத்தில் அந்தக் கடிதம் வந்தது. எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பியது. சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் எந்த ஒரு கம்பெனியையும் சாராத பொதுச் சான்றிதழ் இருக்க வேண்டும், இரண்டு மாதத்துக்குள் காட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. மேனேஜர் அதை என்னிடம் கொடுத்து, "கோகிலா வந்ததும் காட்டிருங்க" என்றார்.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் படிப்பது அவர்கள் கேட்ட பொதுச் சான்றிதழுக்கு. கோகிலாக்கா படிப்பது அதற்கல்ல. சொன்னால் பத்து நாளில் என்னுடைய தேர்வையும் எழுதி, என்னைவிட நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார். நான் பில்லிங்குக்குப் போக வேண்டியிருக்கும்.

பழனியிலிருந்து திரும்பி வந்த அன்று அவருக்குப் பாதமெல்லாம் கொப்புளம், செருப்புக்கூடப் போட முடியாமல் தாங்கித் தாங்கி நடந்தார். பஞ்சாமிர்த டப்பாவை என் மேசைமேல் வைத்து, "உனக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்" என்றார். கடிதம் அதே மேசையின் இழுப்பறையில் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். அந்த இரண்டு மாதமும் தன் சாப்பாட்டு நேரத்தில் பாதியை எனக்குப் பாடம் சொல்லவே செலவழித்தார். அவருக்குத் தேவையில்லாத பாடம் அது.

இருவரும் தேறினோம். பொறுப்பு எனக்கு வந்தது. அவர் மேனேஜரிடம் போய்க் காரணம் கேட்டு, கடிதத்தைப் பற்றித் தெரிந்துகொண்டார். திரும்பி வந்து என் மேசை முன்னால் நின்றார்.

"அந்த லெட்டரு எப்ப வந்துச்சு?"

"நீங்க பழனிக்குப் போயிருந்தப்பக்கா."

"சரீங்க" என்றார்.

கொங்குப் பேச்சில் ஒட்டிவரும் 'ங்க'வை எல்லோரும் மெச்சுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இத்தனை மரியாதை கிடையாது என்று நானே சொல்லியிருக்கிறேன். அத்தனை ஆண்டுகள் 'வா, போ' என்று என்னை அழைத்தவர், அந்த நிமிடத்திலிருந்து அதை 'வாங்க, போங்க' என்று மாற்றிக்கொண்டார். அவர் என்னைத் திட்டவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. ஒரு மாதம் பில்லிங்கில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ராஜினாமா கொடுத்தார்.

கோயம்புத்தூரில் நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களுக்கு நின்றுபோன ஒரு மிஷினைக் கொடுத்தார்களாம். அதை எழுப்பிக் காட்டியது அவர் ஒருவர்தானாம். இதைக் கேட்டவர்கள், எல்லாம் நல்லதுக்குத்தான் நடந்தது என்றார்கள். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவர் விரும்பியது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த இந்த வேலையை. கடைசிவரை அருள்புரத்திலிருந்து போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்றார். பள்ளிக்கூடம் விட்டு வரும் அவர் மகள் பூட்டிய வீட்டைத் தானே திறந்துகொள்ளப் பழகினாள்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை பத்து மணிக்கு, டிஸ்க் சேர்க்கும் ஒரு வேலையைச் செய்து சர்வரை அணைத்துப் போட்டேன். அது எழவில்லை. தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கன்டெய்னர் வாசலில் நின்றது. லேபிள் அச்சாகாமல் பேக்கிங் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் சான்றிதழில் இதற்கு விடை இல்லை. வேறு வழியில்லாமல் கோகிலாக்காவைப் போனில் அழைத்தேன்.

"ஸ்கிரீன்ல என்ன வந்திருக்குதுங்க? மொத வரியில இருந்து படிங்க."

படித்தேன். எங்கே பிழை என்று உடனே பிடித்துவிட்டார். கோப்பு ஒன்றைத் திறக்கச் சொல்லி, நான் எழுதியிருந்த ஒரு வரியை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னார். ஓர் எழுத்து தவறியிருந்தது. திருத்தி மறுபடி போட்டதும் சர்வர் எழுந்தது.

"அக்கா, நான் அன்னைக்கு உங்களுக்குச் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன்.

"பேக்கிங்ல நிக்கற புள்ளைகளுக்காகத்தானுங்க போன எடுத்தேன்" என்றார். "அத இப்பப் பேச வேண்டாமுங்க. எனக்கு இன்னும் ஆறல."

நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு அது. ஆறிய பிறகு பேசலாம் என்று நானும் காத்திருந்தேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் அம்மாவும் சாப்பிடாமக்கூட படிப்பீங்களாமா ஆன்ட்டி. அம்மா அடிக்கடி சொல்லுவாங்க." மகளிடம் என்னைப் பற்றி அதை மட்டும்தான் சொல்லியிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. அன்று உண்மையைச் சொல்லாமல் அந்தப் பெண்ணின் கையை விட்டுவிட்டுக் கிளம்பினேன். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய் முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுடைய அப்பாதான் வாசல்வரை வந்து என்னை அனுப்பிவைத்தார்.

கோகிலாக்கா என்னை மன்னித்தார் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஆறாத அந்தக் கோபம்தான். அது நியாயமான கோபம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். இப்போது எங்கள் பிரிவில் இரண்டு பெண்கள் லினக்ஸ் படிக்கிறார்கள். எந்தச் சான்றிதழுக்குப் போகலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இருவருக்கும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்கிறேன். கடைசியில் இந்தக் கதையையும் சொல்கிறேன், கோகிலவாணியின் பெயரையும் என் பெயரையும் சேர்த்து.