ஒலிபெருக்கியில் எண்பத்து மூன்றாம் சங்கீதம்

கொச்சி யூதர் தெருவைப் பற்றி நான் எழுதிய பதிவைப் படித்தவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ஒருவர் ரூபி அக்கா. எம்.ரெட்டியபட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூரில், கிறிஸ்தவக் கோயிலின் பெண்கள் கூட்டத்தை நடத்துபவர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மேற்காசியாவில் போர் மூண்டு, விமானங்கள் நின்றுபோன வாரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

“நீ யூதருக ஜெபத்தப் பத்திப் படிச்ச புள்ளதான? எங்க உபவாச ஜெபத்துல எண்பத்திமூணாம் சங்கீதத்தப் பத்திப் பேசணும்மா. நான் அத வாசிச்சு ஒரு சங்கடமாகிப் போச்சு.”

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படித்தேனே தவிர, நாலு பேர் முன்னால் பேச வராது. மறுக்கவும் வராது. அதனால் போனேன்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டைக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் எம்.ரெட்டியபட்டி. பெண்களுக்கு அதில் டிக்கெட் கிடையாது. பருத்தி எடுத்து முடித்த செடிகள் கரிசலில் குச்சி குச்சியாக நின்றன. மற்றபடி வேலிக்கருவை, வானம், எப்போதாவது ஒரு ஆடு. பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே இருந்தது. எனக்கு அது பழக்கம்தான். மதுரை விடுதியிலும் பக்கத்துக் கட்டில் காலி.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் கேட்டார், “யாரு வீட்டுக்கும்மா?”

“கோயில்ல ஜெபம், அண்ணே.”

“சண்டைக்காகவா? காலையில ஒங்க குழாயிலதான் எங்களுக்கு முழிப்பே. இப்ப முழிச்சாப் பயமால்ல இருக்கு.”

அவர் சொன்ன குழாய், கோயில் கோபுரத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி. அதிகாலையில் ஒரு சங்கீதம் வாசிப்பது அந்த ஊர் வழக்கம். ரூபி அக்காதான் வாசிப்பவர். குழாயின் வாய் எதிர்த் தெருவைப் பார்த்திருக்கிறது. அது முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும் தெரு. இத்தனை வருடத்தில் யாரும் குறை சொன்னதில்லை.

சங்கடம் என்னவென்று ரூபி அக்கா தன் வீட்டில் வைத்துச் சொன்னார். எதிர்த் தெருவில் இருக்கும் ஜைனம்பு அக்காவின் மகனும் இவர் மகனும் வளைகுடாவில் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள். தினமும் காலையில் ஜைனம்பு அக்கா இங்கே வருவார். இரண்டு தாய்மாரும் ஒரே போனில் இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பார்கள். போர் தொடங்கியதும், ஆபத்துக் காலத்துக்கு ஏற்றது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, ரூபி அக்கா எண்பத்து மூன்றாம் சங்கீதத்தை மைக்கில் வாசித்தார். அடுத்த நாளும் வாசித்தார்.

அந்தச் சங்கீதத்தில் இஸ்ரவேலைச் சூழ்ந்த பகைவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். அதில் இஸ்மவேலரும் உண்டு, முஸ்லிம்கள் நபியாகப் போற்றும் இஸ்மாயிலின் வழிவந்தவர்கள். அவர்களைக் காற்று முன் பதராக்கும்படி கடவுளிடம் கேட்கும் சங்கீதம் அது.

“ரெண்டாம் நாள்ல இருந்து அவ வரல. நான் என் மகனுக்காகத்தான் வாசிச்சேன். அது அவ மகனுக்கு எதிரா விழுகும்னு புத்தியில படலையேம்மா.”

“போய்ப் பாத்தீங்களாக்கா?”

“நீ பேசு. மத்தது தானாச் சரியாகும்.”

கோயிலில் பத்துப் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். கோயிலில் ஆராதனை நடத்தும் உபதேசியார் என் முன்னால் மைக்கை வைத்தார். உள்ளே கேட்கத்தான் என்று நினைத்தேன். “சபையாரே” என்றதும் என் குரல் வெளியே வயலிலிருந்து திரும்பி வந்தது. குழாயை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

“வசனம் வெளிய போகணும்மா. உள்ள இருக்கிறவுகளுக்கு ஏற்கெனவே தெரியும்” என்றார். பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது.

சொன்னது இவ்வளவுதான். யூதர்கள் ஆபத்து நாட்களில் இந்தச் சங்கீதத்தைக் கூடிச் சொல்வதுண்டு. அதில் பெயர் வரும் பத்து இனங்களும் ஒரே சமயத்தில் திரண்டு வந்ததாக வேதத்தில் வேறெங்கும் சொல்லப்படவில்லை. ஆகவே அதை இன்றைய ஆட்களின் பெயர்ப் பட்டியலாகப் படிக்க வேண்டியதில்லை. பகைவர் ஒரே மனதாகக் கூடினார்கள் என்று அது சொல்கிறது. அதைப் படிக்கும் யூதர் தன்னைக் கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்வி, ‘அவர்கள் ஒரே மனதாக இருக்கிறார்கள், நாம் இருக்கிறோமா?’ என்பது. பாடுகிறவன் கையில் வாள் கேட்கவில்லை; மௌனமாக இருக்காதே என்று கடவுளிடம் கெஞ்சுகிறான். பகைவரும் கடைசியில் கடவுளின் பெயரைத் தேட வேண்டும் என்றும் கேட்கிறான். கொச்சியில் சில ஜெபங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்பதால், ஆள் சேராமல் அங்கே மிஞ்சிய யூதர்கள் காத்திருந்ததையும் சொன்னேன். பழைய முறைப்படி பெண்களை அந்தப் பத்தில் எண்ணமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

“அப்ப நீ நின்னாலும் எண்ணிக்கையில வரமாட்டியா?” என்று ஒருவர் கேட்டார்.

“வரமாட்டேன்க்கா.”

உபதேசியார் தொண்டையைக் கனைத்தார். “வேதத்துல இருக்கிறத வாசிக்காம இருக்க முடியாதுல்ல?”

“வாசிக்க வேண்டாம்னு சொல்லல, ஐயா. கூடி உட்கார்ந்து வாசிக்கலாம்.”

ஜெபம் முடிந்து சாப்பாடு போட்டார்கள். எல்லோரும் அவரவர் பேச்சில் இருந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டேன். எதிர்த் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. ரூபி அக்கா இரண்டு முறை வாசலுக்குப் போய்த் திரும்பினார். தெருவில் இறங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து பேசியும் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணத்தோடுதான் ஆட்டோ ஏறினேன்.

எம்.ரெட்டியபட்டியில் மூன்றரை மணி பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தேன். தலையில் முக்காடிட்ட ஒரு பெண் வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்.

“கோயில்ல பேச வந்த புள்ளதானத்தா? நான் ஜைனம்பு.”

எழுந்து நிற்கப் பார்த்தேன்; கையைப் பிடித்து உட்கார வைத்தார். மகனை அனுப்பி வைத்த ஏஜெண்டைப் பார்க்க டவுனுக்குப் போகிறாராம்.

“நீ பேசினது தெருவுக்கே கேட்டுச்சு. தண்ணி குடிச்சது கூடக் கேட்டுச்சு. பொம்பளைகள எண்ண மாட்டாகன்னியே, எங்க பள்ளிவாசல் ஜும்மாவுலயும் அப்படித்தான். எங்கிட்டுப் போனாலும் நம்ம கணக்குல இல்ல.”

நான் சிரித்தேன். பிறகு, எங்கிருந்து வந்ததோ தைரியம், “ரூபி அக்கா மேல கோவமா?” என்று கேட்டேன்.

“மொத நாள் கோவந்தான். எம்மவன் பேர எடுத்துச் சொன்ன மாதிரி இருந்துச்சு, அவன் பேரு இஸ்மாயிலு. பெறகு நினைச்சேன், அவ பயத்துல வாசிக்கிறா. அதுக்கு மேல கோவம் நிக்கல. ஆனா மதுரையில இருந்து ஒன்னையக் கூட்டியாந்து மைக்குல பேச வைக்கத் தெரிஞ்சவளுக்கு, ரோட்டத் தாண்டி எம்வீட்டுக்கு வரத் தெரியலையே.”

பஸ் கிளம்பியது. என் வீட்டுக்குப் போன் செய்யவே ஒத்திகை பார்க்கும் ஆள் நான். யோசிக்காமல் ரூபி அக்காவை அழைத்தேன்.

“அக்கா, நான் பேசுனது பத்தாது. நீங்கதான் பேசணும். ஜைனம்பு அக்கா என் பக்கத்துல இருக்காக.”

போனை நீட்டினேன். ஜைனம்பு அக்கா வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். “ஏன்டி அழுவுற? எங்கூட வந்திருக்கலாம்ல, டிக்கெட்டா எடுக்கணும், ஓசி பஸ்ஸுல்ல” என்றார்.

பிறகு அவர்கள் நிறுத்தவில்லை. அறையில் தண்ணீர் வருகிறதா, இவன் சமைத்ததை அவன் தின்கிறானா, ஏஜெண்ட் என்ன சொல்வான். “ஒம்மவனுக்கும் சேத்துக் கேட்டுட்டு வாரேன்” என்றார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெயில் சாய்ந்து, வெறும் கரிசல் காடு மஞ்சளாக இருந்தது. அருப்புக்கோட்டையில் போனை என் மடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி விறுவிறுவென்று போய்விட்டார். போன் சூடாக இருந்தது. அதில் எனக்கென்று அழைப்பு ஏதும் வந்திருக்கவில்லை.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: மாசி வரை போகலாம், அதற்குப் பிறகு வெயில் தாங்காது. குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும். எம்.ரெட்டியபட்டிக்கு உள்ளே ஷேர் ஆட்டோ ஆள் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் பேசக் கூப்பிட்டால் மைக் எதுவரை கேட்கும் என்று முதலில் கேளுங்கள்.

சங்கீதத்தைப் பற்றி நான் சொன்னதில் தவறு இல்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கூடி இருப்பதைப் பற்றி அவ்வளவு பேசிய நான், மதுரை பஸ்ஸில் ஏறியதும் பழக்கத்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டேன். வழியில் ஒரு நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறி, “ஆள் வருதா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லிப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.