படத்துக்கு மட்டும் பூட்ஸ்

போன வாரம் நடுவட்டம் பக்கத்து எஸ்டேட்டில் ஜார்க்கண்ட் தொழிலாளர்களைப் படமெடுக்கப் போயிருந்தேன். எல்லோருக்கும் புது பூட்ஸ் மாட்டவைத்து, "இப்ப எடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

எடுத்தேன்.

உடனே பூட்ஸைக் கழற்றச் சொல்லி, சாக்கில் போட்டுக் கட்டினார். அதையும் எடுத்தேன்.

"அத எதுக்குங்க எடுக்கறீங்க? தேயிலை விலை கெடக்கற கெடப்புல எல்லாத்துக்கும் பூட்ஸ் குடுக்க முடியுமுங்களா?" என்றார்.

இரண்டு படங்களையும் இங்கேதான் போட்டேன். நீங்கள் பகிர்ந்து தள்ளினீர்கள்.

இன்று அதே வழியில் பஸ். எதிரே லாரி வர, தோட்டத்தை ஒட்டி நின்றது. கொழுந்து பறிக்கும் அத்தனை பேர் காலிலும் பூட்ஸ்!

அன்று அட்டைக் கடியோடு வெறுங்காலில் நின்ற சுனிதா, என்னைப் பார்த்ததும் ஒரு காலைத் தூக்கி ஆட்டினாள். "அக்கா, திருப்பி வாங்கல!"

கேமராவை வெளியே எடுப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. வாழ்நாளின் சிறந்த படத்தைக் கோட்டைவிட்டேன். திட்டுகிறவர்கள் வரிசையில் வரவும்.