பனிக்கு ஒரு புரூஃப்

காதுகுத்துக்கு லீவு கேட்டு நிற்கும் செல்லாத்தாளிடம், "பத்திரிகை இருக்குதுங்களா?" என்று சிவராஜ் கை நீட்டுகிறார். துக்கம் என்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படமெடுத்து வர வேண்டும். பல்லடத்தில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்றால் கண்டக்டருக்கே போன் போகும். "நம்பாம இல்லீங்க. புரூஃப் இருந்தா எனக்கும் ஒரு நிம்மதிங்க."

வேலம்பாளையத்தில், குளிர் நாடுகளுக்கு ஜாக்கெட் தைத்து அனுப்பும் கம்பெனியின் எச்.ஆர். அவர். அறையின் ஏசியை முடிந்த மட்டும் குளிரவைத்து, ரிஜெக்ட் ஆன ஜாக்கெட் ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சந்தேகப்படுகிறவர் உண்மையைத் தேடுகிறார் என்று நாம் நினைப்பதுண்டு. சிவராஜுக்கு உண்மை கிடைத்துவிட்டால் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இந்த ஜனவரியில், ஜிப் தைக்கும் பூரண் சிங் உத்தராகண்ட் மலையூரிலிருந்து போன் செய்தான். யாரும் கண்டிராத பனி, ரோடு மூடிக் கிடக்கிறது, வர ஒரு வாரம் ஆகும், தன் மெஷினை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றான். ரெக்கார்டு என்று ஊரே சொல்கிறதாம்.

"ரெக்கார்டு எழுதறதே நான்தான் கண்ணு," என்றார் சிவராஜ். "எங்கூரு குண்டடத்துல மார்கழிக்குப் பெய்யாத பனியா? மப்ளரக் கட்டீட்டுப் பால் கறக்கப் போறாங்கல்ல?"

சூப்பர்வைசர் மைதிலி செய்தி வீடியோவைக் காட்டினாள். அது போன வருசத்துப் பனி என்று பார்த்ததுமே தீர்ப்புச் சொன்னார். பூரண் வைத்த ஜிப் ஒன்றுகூடக் கோணியதில்லை என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. சாயந்தரத்துக்குள் பனியை அளந்து போட்டோ அனுப்ப வேண்டும், இல்லையென்றால் மெஷின் போய்விடும் என்று அவனுக்குத் தகவல் போனது.

போட்டோ வந்தது. சன்னலில் பாதி வரைக்கும் வெள்ளை. கம்பில் கட்டி இறக்கிய இஞ்ச் டேப் அதற்குள் புதைந்து, நுனி மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பூரண் சிங்.

"இப்பவாச்சும் நம்பறீங்களா சார்?" என்றாள் மைதிலி.

சிவராஜ் திரையில் இரண்டு விரல் வைத்து விரித்தார். பனி விலகியது, சன்னல் விலகியது, போர்வை சுற்றிய ஆளும் ஓரத்துக்கு ஒதுங்கி மறைந்தான். மிஞ்சியது டேப்பின் நுனியும் அதில் அச்சடித்த கம்பெனி பெயரும்.

"நம்ம டேப்பு கம்பெனி கேட்டைத் தாண்டிப் போனதுக்குப் புரூஃப் கெடச்சிருச்சுங்க. மெஷினுக்கு வேற ஆளப் பாருங்க."

முகத்தில் நிம்மதி படர, கம்பெனி ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டார். அது எங்கும் கோணாமல் ஏறியது.