பிரசங்கம் முடிந்ததும் நொண்டிய மாப்பிள்ளை

எங்கள் கிருபைராஜ் அத்தானைப் பற்றி எழுதச் சொன்னால், மற்றவர்கள் அவர் நடத்திய பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவார்கள். நான் அவருடைய வலது குதிகாலிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் குதிகால் ஒழுங்காக இருந்திருந்தால், அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று எங்கள் ஊருக்குத் தெரிந்தே இருக்காது.

1911-ஆம் வருஷம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில் எங்கள் ஊர். அத்தான் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். உடம்பு கொஞ்சம் கனம். பையன்களை வரிசையாக நிறுத்தி, வெறுங்காலோடு கட்டாந்தரையில் தினமும் டிரில் நடத்துவார். அவர் மிதிக்கிற மிதியில் பூமிக்கே வலித்திருக்கும். பூமி சும்மா விடுமா? குதிகாலில் திருப்பிக் கொடுத்துவிட்டது.

அந்த வலிக்கு ஒரு குணம் உண்டு. படுத்து எழுந்தாலும், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தாலும் முதல் சில அடிகள் நெருஞ்சிமுள்மேல் வைத்ததுபோலக் குத்தும். நடக்க நடக்க விட்டுவிடும். காலையில் அவரைப் பார்த்தவன் நொண்டி என்பான். சாயங்காலம் பார்த்தவன் சிங்கம் என்பான். இருவரும் டீக்கடை இல்லாத அந்தக் காலத்தில் ஆற்றங்கரையில் நின்று சண்டை போடுவார்கள்.

வைத்தியம் சொல்லாத வாய் கிடையாது. அடுத்த தெரு இசக்கித்தாய் செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலை போட்டு மிதிக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். உபதேசியார் ஞானையா உபவாசம் இருக்கச் சொன்னார். அத்தான் யார் மனதையும் நோகடிக்க மாட்டார். அத்தனையையும் ஒரே நாளில் செய்தார். எது கேட்டது, எது கேட்கவில்லை என்று ஆண்டவருக்கே குழப்பமாகியிருக்கும்.

இந்த நிலையில்தான் அவருக்கும் என் அக்கா இன்பமணிக்கும் கல்யாணம் பேசி, கோவிலில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையின் கடைசியில், இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லலாம் என்று சபையார் முன்னால் வாசிப்பது எங்கள் வழக்கம். ஓலைக்குச் சற்று முன்பு, பிரசங்கம் முடிந்த கையோடு, காணிக்கைத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னே போவது வாத்தியார் வேலை. பாயில் அவ்வளவு நேரம் சம்மணம் போட்டிருந்த மனுஷன் எழுந்து நடந்தால் எப்படி இருக்கும்? முதல் ஞாயிறு நொண்டினார். இரண்டாம் ஞாயிறு தட்டே ஆடிற்று. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? பாக்கியசீலன் மகளை நொண்டிக்குக் கொடுக்கிறான் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

பாக்கியசீலன் என்றால் எங்கள் ஐயா, கருப்பட்டி வியாபாரி. மானஸ்தர். மூன்றாம் ஓலையை நிறுத்தப்போகிறேன் என்று சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அக்காவின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் வாய் சாகவில்லை.

“ஐயா, லித்தானியா முடிஞ்சு பாட்டு எடுத்துக்கொடுக்கப் போவும்போது அவரு நேராத்தான் நடக்காரு. பிரசங்கம் கேட்டு எந்திச்சாத்தான் நொண்டுதாரு.”

பிரசங்கத்திலா குற்றம் கண்டுபிடிக்கிறாய் என்று ஐயா குதித்தார். அக்கா பைய விளக்கினாள். லித்தானியா ஜெபத்துக்கு மற்றவர்கள் முழங்கால் போட்டால் பாதத்தைப் பின்னால் படுக்கப் போடுவார்கள். இவர் மட்டும் கால்விரல்களைத் தரையில் ஊன்றி மடக்கி, குதிகால்மேல் உட்காருகிறார். உள்ளங்கால் நன்றாக இழுபட்டுவிடுகிறது. அதனால்தான் எழுந்ததும் வலிப்பதில்லை. பெண்கள் பக்கம் இருந்துகொண்டு இவள் ஜெபம் செய்த லட்சணத்தைப் பாருங்கள்!

ஐயா சோதித்துப் பார்க்காமல் கருப்பட்டிச் சிப்பம்கூட வாங்கமாட்டார். மறுநாள் விடியற்காலையில், வலி உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து அத்தான் வீட்டுக்குப் போனார். எழுந்திருக்க வேண்டாம், பாயிலேயே முழங்கால் போடும் என்றார். எப்படி என்று காட்டத் தானும் பக்கத்தில் முழங்கால் போட்டார். தண்ணீருக்குப் போன ஹெப்சிபா பெரியம்மை திறந்த கதவு வழியே பார்த்தாள். மாமனாரும் மருமகனும் இருட்டோடு முழங்காலில்! பரிசுத்த ஆவியின் எழுப்புதல் இறங்கிவிட்டது என்று குடத்தை வைத்துவிட்டு அவளும் முழங்கால் போட்டுப் பாட்டெடுத்தாள். தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் ஜெபம். நடுவில் எழுந்தால் பாவமல்லவா, ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கடைசி ஆமென் முடிந்ததும் அத்தான் நேராக நடந்து வந்து எல்லாருக்கும் தோத்திரம் சொன்னார். ஐயாவுக்குக் கால் மரத்துப்போய், இரண்டு பேர் தூக்கி நிறுத்தவேண்டியதாயிற்று. நொண்டல் மருமகனை விட்டு மாமனாருக்குத் தாவிவிட்டது என்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு.

அப்படியும் ஐயா மசியவில்லை. ஒருநாள் நடந்ததை வைத்து நம்பமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்குப் பிறகு நேராக நடக்கட்டும், இல்லாவிட்டால் நானே எழுந்து தடை சொல்வேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு பிரசங்கம் முடிகிற வழியாக இல்லை. அத்தான் வேட்டி மறைவில் துண்டைக் கால்விரல்களில் மாட்டி இழுத்தபடியே கேட்டார். பிறகு தட்டோடு எழுந்தார். நடந்தார். ஒரு சாய்வு இல்லை, ஒரு தள்ளாட்டம் இல்லை. எனக்குக் கைதட்டவேண்டும்போல் இருந்தது. ஞானையா உபதேசியார் ஓலையை வாசித்து, தடை உண்டோ என்று கேட்டார்.

அத்தானே எழுந்து நின்றார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்கிற தேசத்தில், ஒரு உண்மையைச் சொல்லித் தன் கல்யாணத்தையே கெடுக்க எழுந்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இன்னைக்கு நேரா நடந்தேன். நாளைக்குக் காலையில நொண்டுவேன். வலி குறைஞ்சிருக்கு, போகல. எப்பம் போகும்னு எனக்குத் தெரியாது. மறைச்சுக் கட்டப்படாதுன்னு சொல்லுதேன்.”

ஐயாவின் மீசை துடித்தது. அப்போது, கல்யாணமாகாத பெண் ஒருத்தியும் அதுவரை வாய் திறந்திராத பெண்கள் பக்கத்திலிருந்து என் அக்கா சொன்னாள்:

“காலையில நான் கையைப் பிடிச்சு எழுப்பிவிடுதேன். அதுக்கென்ன.”

சபை முழுக்கச் சிரித்தது. ஐயாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அடுத்த வாரம் கல்யாணம் நடந்தது.

தினமும் பாயிலேயே விரலை மடக்கி இழுத்துவிட்டு எழுந்தார். டிரிலுக்குத் தடித்த அடித்தோல் வைத்த செருப்புப் போட்டுக்கொண்டார். அடுத்த கோடைக்குள் வலி அடியோடு போய்விட்டது. ஆனால் தலை நரைத்த பிறகும் காலையில் பாயில் உட்கார்ந்தபடி, “குத்துது பிள்ளே” என்று கையை நீட்டுவார். அக்காவும் நம்பினதுபோல் பிடித்துத் தூக்குவாள். எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் சொன்ன ஒரே பொய் அதுதான்.