பத்துப்பத்து வீடு

தெருவில் அவருக்குப் பெயரே பத்துப்பத்துதான். நூல் ஆலைக் கிடங்கில் குமாஸ்தா. கூடத்துச் சுவரில் ஐந்து கடிகாரங்கள். ஐந்திலும் எப்போதும் பத்து மணி பத்து நிமிடம். கடைகளில் அப்படித்தான் வைப்பார்கள், முள் இரண்டும் முறுக்கிய மீசைபோல நிற்கும் என்பது அவர் கட்சி. ஓடவிட்டால் ஆறரைக்கு மீசை தொங்கிவிடுமாம். மணி தெரிய வேண்டுமென்றால் மனைவி அடுப்படி ரேடியோவைத் திருக வேண்டும்.

அவரைத் தொலைதூரக் கிளைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. குடும்பத்தோடு போனால் மனைவியின் துணிக்கடை வேலை போகும். மகளின் படிப்பு பாதியில் நிற்கும். மேலாளரைச் சாப்பிட அழைத்து, வயிறு குளிர்ந்ததும் விஷயத்தை எடுப்பது என்று முடிவாயிற்று. கடிகாரக் கதையை மட்டும் ஆரம்பிக்க வேண்டாம் என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள்.

ஏழு மணிக்கு வந்த மேலாளரின் கண் சுவர்ப்பக்கம் போனது. அது போதாதா? ஒரு காலத்தில் ஊருக்கே ஒரு கடிகாரம், அதுவும் கோபுர உச்சியில். பிறகு பணக்காரர் கூடத்தில் ஆளுயரப் பெட்டியாக இறங்கியது. அப்புறம் கல்யாணப் பரிசாகி நம் சுவருக்கு வந்தது என்று பத்துப்பத்து அவிழ்த்துவிட்டார். மனைவி அடுப்படியிலிருந்து இருமிப் பார்த்தாள். பலனில்லை.

மேலாளர் கொட்டாவியை விழுங்கிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழே முக்கால். சுவரில் ஐந்தும் பத்துப்பத்து. ஐந்து பேர் ஒரே சாட்சி சொல்லும்போது ஒருவன் பேச்சு எடுபடுமா? கேட்ட கதைக்கு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும் என்று நம்புவதிலும் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

"என் வாட்ச் மக்கர் பண்ணுது போல. பத்து தாண்டிடுச்சே, வீட்ல தேடுவாங்க. சாப்பாடு இன்னொரு நாள் வச்சுக்கலாம்" என்று முள்ளைத் திருகிச் சரிசெய்துகொண்டே எழுந்தார்.

கடிகாரம் ஓடவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவ்வளவு நேரம் பேசிய பெருமை என்னாவது?

"ஆமா சார், நேரம் போனதே தெரியல" என்று வாசல்வரை போய் வழியனுப்பினார்.

அந்த வாட்சை நம்பி மேலாளர் மறுநாள் காவலாளிக்கு முன்பே ஆலைக்கு வந்து கேட்டில் காய்ந்தார். கதவு திறந்ததும் அவர் போட்ட முதல் கையெழுத்து மாற்றல் உத்தரவில்தான்.

"அஞ்சையும் நீங்களே கொண்டுபோங்க. அங்க பேச்சுத்துணைக்கு ஆகும்" என்றாள் மனைவி. "நானும் பொண்ணும் இங்கேயே இருந்துக்கறோம்."

பத்துப்பத்து ஐந்து கடிகாரங்களையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ இந்தச் சுவர் வெறிச்சுன்னு இருக்குமே."