யார் சொன்ன ‘ம்’?

நான் பிழைக்க வந்திருக்கும் வடக்கு சுவீடனில் ‘ஆமாம்’ என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டியதில்லை. உதட்டைக் குவித்து ‘ஷூப்’ என்று மூச்சை உள்ளே இழுத்தால் போதும். வந்த புதிதில், உடன் வேலை பார்க்கும் ஆன்னாவிடம் சாப்பிடப் போகலாமா என்று கேட்டேன். ‘ஷூப்’ என்றாள். பதறிப்போய், நெஞ்சு வலிக்கிறதா என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். “சரி என்றுதானே சொன்னேன்?” என்று முறைத்தாள். நல்ல ஊருடா சாமி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் இருவருக்கும் பிழைப்பே இந்த ‘ஆமாம்’தான். செல்போன் டவர் எதையாவது அனுப்பினால், வந்து சேர்ந்தது என்று போன் ஒரு ‘ம்’ கொட்ட வேண்டும். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பல போன்கள் ம் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மெட்டு கொடுத்திருப்பதால் எது யாருடையது என்று பிரித்துவிடலாம். பிரிக்கும் கணக்கை எழுதுகிறவர்கள் நாங்கள். இதில் ஒரு சனியன் உண்டு. போன் வாயே திறந்திருக்காது. வெறும் இரைச்சலைக் கேட்டு ‘ம்’ என்று டவர் நம்பிவிடும். அந்தப் பொய் ‘ம்’மை ஒழிப்பதுதான் என் பாடு.

கல்வராயன் மலையில் எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஊர்க்கோடிப் பலாமரத்தடியில் மட்டும். ஆளாளுக்குப் போனை மஞ்சள் பையில் போட்டுக் கிளையில் மாட்டிவிட்டுச் சாமைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். நாலைந்து சேர்ந்து அலறினாலும், பாட்டை வைத்தே இன்னார் போன் என்று தெரிந்துவிடும். அங்கேதான் அம்மா தனியாக இருந்தாள். நெஞ்சில் அடைப்பு, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியும், “கத்தி பட்டு சாவறதுக்கு இங்கியே சாவறேன்” என்று ஒரே பிடிவாதம். தினமும் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அங்கே மழை விட்ட ஒரு மதியம் கூப்பிட்டேன். எடுத்தது தெரிந்தது.

“அம்மா, தம்பி ஜீப்பு எடுத்துக்கினு வரட்டுமா? ஆபரேஷனுக்குப் போறியா?”

“ம்.”

“நெஜமாத்தான சொல்ற?”

“ம்.”

சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். மனசு மாறுவதற்குள் கூட்டிவா என்று கள்ளக்குறிச்சியில் இருக்கும் தம்பியை விரட்டினேன். சாயங்காலம் அவன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்.

“அக்கா, அம்மா வூட்டுக்குள்ள பேச்சுமூச்சில்லாம கெடந்துச்சி. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா அவ்ளோதானாம். இப்ப பரவால்ல.”

“மத்தியானம் எங்கிட்ட பேசிச்சேடா!”

“இன்னா பேசிச்சி? காலையில இருந்து அது எழுந்துக்கவே இல்ல. போனு மரத்துல தொங்கிக்கினு இருந்துச்சி. ஊரையே கேட்டுட்டேன், யாரும் எடுக்கலன்றாங்க.”

மறுநாள் ஆன்னாவிடம் சொன்னேன். காற்றின் இரைச்சல்தான், அது பொய் ‘ம்’ என்றாள். அப்படியானால் போனை எடுத்தது யார் என்று கேட்டேன். அவள் தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுக்க, பொய் ‘ம்’மை வடிகட்டும் கணக்கில் கைவைக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து அம்மா இப்போது தம்பி வீட்டில் இருக்கிறாள். அங்கே சிக்னலுக்குக் குறைச்சல் இல்லை. நேற்றுப் பேசும்போது கேட்டாள்.

“போதும் பாப்பா, இங்கியே வந்துடறியா?”

வந்துடறேம்மா என்றுதான் சொல்ல நினைத்தேன். பழக்கதோஷத்தில் ‘ஷூப்’ என்று மூச்சு உள்ளே போனது.

“ஹலோ? ஹலோ?” என்றாள் அம்மா. பிறகு தம்பியிடம் போனைக் கொடுப்பது கேட்டது.

“இந்தாடா. லைன்ல யாருமே இல்ல.”